பழத்தை சரக்கில் ஊற வைத்தால் விஷமாகுமா? வீட்டு ஜாடியில் நடப்பது என்ன, செங்கல்பட்டில் நடந்தது என்ன?

கண்ணாடி ஜாடி. உள்ளே வட்ட வட்டமாக நறுக்கிய அன்னாசி. மேலே ஒரு முழு பாட்டில் வோட்கா. மூடி போட்டு, "ஐந்து நாள் கழித்துப் பாருங்க" என்று முடிகிறது வீடியோ. ரீல்ஸ், ஷார்ட்ஸ் பார்க்கும் யாருக்கும் இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

ஜி.எஸ்.டி. சாலையில் சிங்கப்பெருமாள் கோயில் சந்திப்பைச் சுற்றி, ஒரகடம், மறைமலைநகர், மகேந்திரா சிட்டி பக்கம் வேலைக்குப் போகும் இளைஞர்கள் பலர் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து வந்து போனைத் திறந்தால் கண்ணில் படுவதும் இதே வீடியோதான். பார்த்ததும் இரண்டு கேள்வி வரும். ஒன்று, இது நல்லா இருக்குமா? இரண்டு, இது விஷமாகிடுமா?

இரண்டாவது கேள்விக்கு இந்த மாவட்டத்தில் தனி கனம் உண்டு. 2023 மே மாதம் விஷச்சாராயத்துக்கு உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இது. அதனால் 'வீட்டில் செய்தது' என்று சொன்னாலே சிலர் பயப்படுகிறார்கள். சிலரோ, 'பழம்தானே போட்டிருக்கு, என்ன ஆகப் போகுது' என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி, பாதி தவறு. எது சரி, எது தவறு? பார்க்கலாம்.

ஊற வைப்பது வேறு, காய்ச்சுவது வேறு

முதலில் மூன்று விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, ஊற வைப்பது. கடையில் சீல் உடையாமல் வாங்கிய மதுவில் பழத்தையோ, பழத்தோலையோ, ஏலக்காய், பட்டை போன்ற மசாலாவையோ போட்டு வைப்பது. இங்கே புதிதாக மது எதுவும் உருவாவதில்லை. ஏற்கெனவே இருக்கும் மதுவில் வாசனையும் நிறமும் சேர்கிறது. அவ்வளவுதான்.

இரண்டு, நொதிக்க வைப்பது. பழச்சாறு, சர்க்கரை, ஈஸ்ட் சேர்த்து மூடி வைத்தால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலை வெளியேற்றும். வீட்டு ஒயின் என்பது இதுதான். இங்கே மது புதிதாக உருவாகிறது.

மூன்று, காய்ச்சி வடிப்பது. நொதித்த ஊறலைச் சூடாக்கி, ஆவியைக் குளிரவைத்துச் சாராயம் இறக்குவது.

வீடியோவில் காட்டுவது முதல் வகை. வேதியியலிலும் சரி, சட்டத்திலும் சரி, மற்ற இரண்டும் வேறு கணக்கு. ஆனால் 'வீட்டுச் சரக்கு' என்ற ஒரே பெயரில் மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் ஆபத்தின் ஆரம்பம்.

ஊற வைக்கும் பழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. மாங்காயை உப்பில் ஊற வைக்கிறோம். நெல்லிக்காயைத் தேனில் ஊற வைக்கிறோம். உப்பும் தேனும் செய்யும் வேலையை இங்கே ஆல்கஹால் செய்கிறது.

ஜாடிக்குள் என்ன நடக்கிறது?

தமிழ்நாட்டில் விற்கும் பிராந்தி, ரம், வோட்கா பாட்டில்களின் லேபிளைப் பார்த்தால் பெரும்பாலும் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று இருக்கும். மீதி பெரும்பகுதி தண்ணீர்.

இந்தக் கலவைக்கு ஒரு வசதி உண்டு. தண்ணீரில் கரையும் சர்க்கரை, புளிப்பு, நிறம் ஆகியவற்றைத் தண்ணீர் இழுத்துக்கொள்ளும். தண்ணீரில் கரையாத வாசனை எண்ணெய்களை ஆல்கஹால் இழுத்துக்கொள்ளும். எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் கையில் பிசுபிசுவென ஒட்டும் எண்ணெய் இருக்கிறதே, அது வெறும் தண்ணீரில் கரையாது. வோட்காவில் கரையும். தெற்கு இத்தாலியின் புகழ்பெற்ற லிமொன்செல்லோ இப்படித்தான் தயாராகிறது. எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் சீவி, கடும் ஆல்கஹாலில் ஊற வைத்து, பிறகு சர்க்கரைப் பாகு சேர்ப்பார்கள். தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியையும் சேர்த்தால் கசக்கும்.

மறுபக்கம், பழத்தில் இருக்கும் தண்ணீர் வெளியே வந்து மதுவில் கலக்கிறது. மது பழத்துக்குள் போகிறது. சில நாட்களில் உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய ஒரே அடர்த்திக்கு வந்துவிடும். அதன் பிறகு ஊற வைப்பதால் பெரிய பலன் இல்லை. பழம் குழைந்து கலங்கலாகும், கசப்பு ஏறும். மென்மையான பழங்களுக்கு இரண்டு மூன்று நாள், அன்னாசி போன்றவற்றுக்கு நான்கைந்து நாள் போதும் என்று சொல்வது இதனால்தான்.

20 சதவீதக் கணக்கு: யாரும் சொல்லாத பகுதி

வீடியோக்களில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். பழம் போடப் போட மது நீர்த்துக்கொண்டே போகும். ஒரு எல்லைக்குக் கீழே போனால் அது பாதுகாப்பான ஜாடி இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. 750 மில்லி பாட்டிலில் 42.8 சதவீதம் என்றால், உள்ளே இருக்கும் சுத்தமான ஆல்கஹால் சுமார் 321 மில்லி.

அதில் அரை கிலோ அன்னாசி போடுகிறோம். அன்னாசியில் சுமார் 86 சதவீதம் தண்ணீர். அதாவது 430 மில்லி தண்ணீர் சேர்கிறது. மொத்தம் 1,180 மில்லி. இப்போது ஆல்கஹால் அளவு சுமார் 27 சதவீதம்.

அதே பாட்டிலுக்கு ஒரு கிலோ அன்னாசி போட்டால்? 860 மில்லி தண்ணீர். மொத்தம் 1,610 மில்லி. ஆல்கஹால் சுமார் 20 சதவீதம்தான்.

இந்த 20 என்ற எண் முக்கியம். அதற்கு மேல் ஈஸ்டால் வேலை செய்ய முடியாது, பெரும்பாலான கிருமிகளும் வளராது. அதற்குக் கீழே கணிசமாக இறங்கினால், பழத்தோலோடு வந்த ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தொடங்கலாம். மூடிய ஜாடிக்குள் வாயு சேரும். கண்ணாடி வெடிக்கும் ஆபத்தும் உண்டு. பீர், ஒயின் போன்றவற்றில் பழத்தை நாள்கணக்கில் ஊற வைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். அவற்றில் ஆல்கஹால் அளவு ஆரம்பத்திலேயே குறைவு.

மதுவுக்கு மேலே மிதக்கும் பழத்துண்டிலும் கவனம் வேண்டும். மது படாத பகுதியில் பூஞ்சை வரும். அப்படி வந்தால் மேலாக எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டியதுதான்.

பாத்திரமும் முக்கியம். புளிப்புப் பழமும் ஆல்கஹாலும் சேரும்போது பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது. பழைய பிளாஸ்டிக் பாட்டிலும் வேண்டாம். கழுவிக் காயவைத்த கண்ணாடிதான் சரி.

அதிக ஆபத்து பழத்துண்டில்தான்

மேலே சொன்ன கணக்கை இன்னொரு முறை பாருங்கள். அரை கிலோ அன்னாசி முழுதாக ஊறினால், மொத்த ஆல்கஹாலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பழத்துக்குள் இருக்கலாம். சுமார் 116 மில்லி சுத்த ஆல்கஹால். கடைக் கணக்கில் சொன்னால், ஒரு குவார்ட்டரும் ஒரு கட்டிங்கும் சேர்ந்த அளவு. அது தட்டில் இருக்கிறது, பார்க்க வெறும் அன்னாசி மாதிரி.

பெரியவர்கள் 'நான் குடிக்கவே இல்ல, பழம்தான் சாப்பிட்டேன்' என்று சொல்லி வண்டியை எடுப்பது இப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுக்கு பழமா, கிளாஸா என்ற கணக்கு கிடையாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஜி.எஸ்.டி. சாலையில் இரவில் ஓடும் லாரிகளின் வேகம் தெரிந்தவர்களுக்கு, அபராதம் பெரிய விஷயமே இல்லை என்பதும் தெரியும்.

இன்னும் முக்கியம், குழந்தைகள். ஃப்ரிட்ஜில் இருக்கும் பழத்தை எடுத்துச் சாப்பிட குழந்தை யாரிடமும் கேட்காது. ஆல்கஹால் குழந்தைகளின் ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். வலிப்பு வரலாம், மயங்கலாம். பெரியவருக்கு 'சும்மா நாலு துண்டு' என்பது மூன்று வயதுக் குழந்தைக்கு ஆஸ்பத்திரி. வீட்டில் குழந்தை இருந்தால் ஊறிய பழத்தை வடிகட்டிய உடனேயே குப்பையில் போட்டுவிடுவதே நல்லது.

சரி, விஷம் எங்கிருந்து வருகிறது?

விஷச்சாராய மரணங்களுக்குக் காரணம் மெத்தனால். நாம் 'ஆல்கஹால்' என்று சொல்வது எத்தனால். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி நிறமற்ற திரவம். மணத்திலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் உடலுக்குள் போன பிறகு கதை வேறு. கல்லீரல் மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். இந்த அமிலம் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று கண் நரம்பு. சுமார் 10 மில்லி சுத்த மெத்தனால் பார்வையைப் பறிக்கப் போதும். 30 மில்லி உயிரையே எடுக்கலாம்.

பழத்தில் இருக்கும் பெக்டின் என்ற பொருளில் இருந்து மிகச் சிறிய அளவு மெத்தனால் உருவாகும் என்பது உண்மை. பழச்சாறிலும் ஒயினிலும் அது இருக்கிறது. ஆனால் ஆளைக் கொல்லும் அளவு அதில் வராது. சீல் உள்ள பாட்டிலில் பழம் போட்டு ஊற வைப்பதால் அது விஷச்சாராயமாக மாறிவிடாது. விஷம் வருவது வேறு வழியில். அதற்கு இந்த மாவட்டமே சாட்சி.

2023 மே இரண்டாவது வாரம். விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவக் கிராமத்திலும், செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் அருகே பெருங்கரணை பகுதியிலும் சாராயம் என்று வாங்கிக் குடித்தவர்கள் அடுத்தடுத்து விழுந்தார்கள். இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தடயவியல் பரிசோதனையில் அது காய்ச்சிய சாராயமே இல்லை, ஆலைகளில் பயன்படுத்தும் மெத்தனால் என்று தெரியவந்ததாகக் காவல்துறை அறிவித்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது.

ஓராண்டு கழித்து 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். 60-க்கும் மேற்பட்ட உயிர்கள். அங்கேயும் காரணம் மெத்தனால்தான்.

அதற்கும் முன்பு 2020 ஏப்ரலில், ஊரடங்கில் மதுக்கடைகள் மூடியிருந்தபோது, செங்கல்பட்டில் பெயின்ட்டையும் வார்னிஷையும் கலந்து குடித்த மூன்று பேர் இறந்தார்கள்.

மூன்று சம்பவங்களிலும் உயிரைப் பறித்தது, குடிக்கவே கூடாத ரசாயனம். அதனால் பழம் ஊற வைப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எந்தப் பழம்' இல்லை. 'பாட்டில் எங்கிருந்து வந்தது' என்பதுதான். கேனில் வந்தது, லேபிள் இல்லாதது, 'கம்பெனியில இருந்து எடுத்த ஸ்பிரிட்', பாதி விலைக்குக் கிடைத்தது, சானிட்டைசர், வார்னிஷ், தின்னர், சர்ஜிக்கல் ஸ்பிரிட் எதுவானாலும் தொடக் கூடாது. ஆலைகள் நிறைந்த பகுதியில் இதை இரண்டு முறை சொன்னாலும் தவறில்லை. பழம் போட்டால் அந்த விஷம் போகாது. வாசனை நன்றாக இருப்பதால் இன்னும் ஒரு கிளாஸ் கூடத்தான் உள்ளே போகும்.

'எலுமிச்சை பிழிஞ்சா விஷம் முறிஞ்சிடும்' என்பார்கள். முறியாது. 'பத்த வச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்' என்பார்கள். எத்தனாலும் எரியும், மெத்தனாலும் எரியும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆய்வகத்தில் மட்டுமே உறுதியாகத் தெரியும்.

என்ன அறிகுறி? என்ன செய்ய வேண்டும்?

மெத்தனால் உடனே காட்டிக்கொடுக்காது. முதலில் சாதாரண போதை மாதிரியே இருக்கும். 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் பல நேரம் அறிகுறி தெரியும். கூடவே எத்தனாலும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகலாம்.

வயிற்று வலி, வாந்தி, தலைசுற்றல், மூச்சு வாங்குதல், பார்வை மங்குதல் ஆகியவை வரும். எதிரே பனி மூட்டம் மாதிரி, வெள்ளையாகத் தெரிகிறது என்று சொன்னால் அது ஹேங்ஓவர் இல்லை. மோர் கொடுத்துப் படுக்க வைக்கும் நேரமும் இல்லை. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சிகிச்சை உண்டு. ஃபோமெபிசோல் என்ற மருந்து, கல்லீரல் மெத்தனாலை அமிலமாக மாற்றுவதைத் தடுக்கிறது. மருத்துவமனையில் அளந்து கொடுக்கப்படும் எத்தனாலும் அதே வேலையைச் செய்யும். டயாலிசிஸ் மூலம் விஷத்தையும் அமிலத்தையும் வெளியேற்றுவார்கள். இதெல்லாம் நேரத்தோடு நடந்தால்தான் பலன். 'போலீஸ் கேஸ் ஆகிடும்' என்று பயந்து வீட்டிலேயே வைத்திருந்தால் பார்வையும் போகும், உயிரும் போகும். யாரோடு சேர்ந்து குடித்தாரோ, அவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

எதையெல்லாம் ஜாடியில் போடக் கூடாது?

ஆல்கஹால் நல்ல வாசனையை மட்டும் இழுப்பதில்லை. நச்சையும் அதே வேகத்தில் இழுக்கும்.

புகையிலை: நிகோட்டின் மொத்தமும் மதுவில் இறங்கும். 'கிக்' ஏறும் என்று போடுவது உயிருக்கே ஆபத்து.

ஊமத்தை: விதை, இலை, பூ எல்லாமே விஷம்.

ஆப்ரிகாட், பீச், செர்ரி போன்ற பழங்களின் கொட்டைப் பருப்பு: உடைந்தால் சயனைடு உருவாக்கும் பொருள் இதில் உண்டு. பழத்தின் சதை போதும், உடைத்த பருப்பு வேண்டாம்.

தூக்க மாத்திரை, வலி மாத்திரை: விளையாட்டாகக் கூட வேண்டாம். மூச்சே நின்றுவிடலாம்.

மருந்து சாப்பிடுபவர்களுக்குத் தனி எச்சரிக்கை. கிரேப்ஃப்ரூட் வகைப் பழங்கள் சில ரத்த அழுத்த, கொழுப்பு மாத்திரைகளின் அளவை உடலில் ஏற்றிவிடும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். தொடர்ந்து குடிப்பவர்கள் பாராசிட்டமால் எடுத்தால் கல்லீரலுக்கு இரட்டைச் சுமை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் இருப்பது 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் முதலில் அமலுக்கு வந்தது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது, விற்பது குற்றம். சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் மட்டுமே இருக்கிறது. 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது. கள் இறக்கி விற்பதற்கும் 1987 முதல் தடைதான்.

அதனால் வீட்டில் ஈஸ்ட் போட்டு ஒயின் செய்வது, குக்கரில் ஊறல் காய்ச்சுவது எல்லாமே 'சொந்த உபயோகத்துக்குத்தான்' என்றாலும் வழக்கு வரும். 2020 ஊரடங்கில் யூடியூப் பார்த்து வீட்டில் சாராயம் காய்ச்சியவர்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கைதானார்கள். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயின் செய்யும் பழக்கம் உள்ள கேரளாவிலேயே, 2019 டிசம்பரில் கலால் துறை எச்சரிக்கைச் சுற்றறிக்கை விட்டது.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024-ல் சட்டம் திருத்தப்பட்டது. விஷச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் சிறை வரை தண்டனை உண்டு. மெத்தனால் வைத்திருக்கவும் விற்கவும் தனி உரிமம் தேவை.

ஊற வைக்கும் விஷயத்தில் ஜப்பானைப் பாருங்கள். உமேஷு என்ற பழ மது அங்கே வீட்டுக்கு வீடு பிரபலம். ஆனால் அங்கேயும் சட்டம் 1962 வரை இதை அனுமதிக்கவில்லை. அதன் பிறகு நிபந்தனை போட்டு அனுமதித்தார்கள். ஊற வைக்கும் மது 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, திராட்சை போடக் கூடாது, வீட்டில் குடிக்க மட்டும்தான், விற்கக் கூடாது. மேலே நாம் போட்ட அதே 20 சதவீதக் கணக்குதான். புதிதாக நொதித்தல் தொடங்கிவிடக் கூடாது என்பதே நோக்கம்.

தமிழ்நாட்டில் இப்படி வரி வரியாகப் பிரித்துச் சொல்லும் விதி இல்லை. வாங்கிய மதுவை கிளாஸில் பழச்சாறோடு கலந்து குடிப்பது ஒன்று. ஜாடி ஜாடியாகத் தயாரித்து, இன்ஸ்டாகிராமில் போட்டோ போட்டு, 'ஆர்டருக்கு மெசேஜ் பண்ணுங்க' என்பது முற்றிலும் வேறு. இரண்டாவது செய்தால் அது சட்டவிரோத மது விற்பனை. பழம் போட்டதால் விலக்கு எதுவும் கிடைக்காது.

பழம் சேர்ந்தால் உடம்புக்கு நல்லதா?

இல்லை. 'ஃப்ரூட் இருக்கு, வைட்டமின் இருக்கு' என்பது வெறும் பேச்சு. ஆல்கஹால் அளவில் பாதுகாப்பானது என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பழம் செய்வது ஒன்றுதான். காரத்தை மறைக்கிறது. தொண்டை எரிந்தால் நிறுத்துபவர், இனிப்பாக இருந்தால் நிறுத்த மாட்டார். முதல் முறை குடிப்பவர்களுக்கு இதுவே பெரிய பொறி.

சுருக்கமாக, சீல் உள்ள பாட்டிலில் பழம் ஊறினால் விஷமாகாது. ஆனால் அது சர்பத்தும் ஆகாது. பாட்டில் எங்கிருந்து வந்தது, பழம் எவ்வளவு, ஊறிய துண்டு யார் கைக்குப் போகிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரியாத ஜாடியைத் திறக்காமல் இருப்பதே நல்லது. பெருங்கரணையில் அன்று குடித்தவர்களுக்கு முதல் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. அவர்கள் குடும்பங்கள் அதற்கான விலையை இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

உதவிக்கு: ஆம்புலன்ஸ் 108. மருத்துவ ஆலோசனை 104. கள்ளச்சாராயம் பற்றிப் புகார் சொல்ல 10581. குடியை விட நினைப்பவர்களுக்கு தேசிய உதவி எண் 14446.

மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு.